ஐந்தாவது ஆள்

2015 ஜூன் 8 இரவு, இந்தியக் கடலோரக் காவல்படையின் சிறிய டார்னியர் விமானம் ஒன்று காணாமல் போனது. தமிழகக் கரையையும் பாக் நீரிணையையும் கண்காணிக்கச் சென்ற விமானம், உள்ளே மூன்று பேர். கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. கடைசியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அதன் ஒலிச் சமிக்ஞையைப் பிடித்தது. ஒரு மாதம் கழித்து, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன.

பாக் நீரிணை எங்க கடல். மணமேல்குடி பக்கம் எங்க ஊர். அந்த மாதம் ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "மூணு பேருக்கு இம்புட்டுக் கப்பலு. நம்ம போட்டு காணாமப் போனா எவன் வருவான்?" நானும் தலையாட்டினேன். 1999 ஜூலையில் கென்னடி ஜூனியர் இரவின் மங்கலில் தானே ஓட்டிப்போன சிறு விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தபோது, அமெரிக்கக் கடற்படையே இறங்கித் தேடியது. சாதாரண ஆளுக்கும் இப்படித் தேடுவீர்களா என்று அங்கேயும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக் கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. மீதிப் பாதி எங்கள் வீட்டில் இருக்கிறது.

நான் பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மாசம், சித்தப்பா போன நாட்டுப்படகு திரும்பவில்லை. வாடைக் காற்று, விடாத மழை. முதல் நாள் ராத்திரி அம்மா கேட்டாள், "அத்தே, சோத்துல தண்ணி ஊத்திரவா?" அப்பாயி சொன்னாள், "அவன் பங்குல ஊத்தாதடி. வந்து சாப்பிடுவான்." மறுநாளும் அவனுக்குச் சேர்த்தே உலை வைத்தாள்.

காலையில் அப்பா புகார் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். படகில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு பேர் என்றோம். பேர் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தொண்டிப் பக்கம் படகு ஒதுங்கியது. இறங்கியது அஞ்சு பேர். வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த ஒரு பையன், கிளம்பும்போது கூப்பிட்டதும் ஏறிக்கொண்டானாம். படகு கவிழ்ந்திருந்தால், நாலு பேருக்கு ஊரே அழுதிருக்கும். அவன் செத்தது மட்டுமல்ல, அவன் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்களைத் தேட யாரும் வரவில்லை என்று இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், அவனை எண்ணவே இல்லை.

இன்றைக்கு என் வேலையில் ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அது சில விநாடிக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று செய்தி அனுப்பும்படி செய்வோம். நாலைந்து முறை வரவில்லையென்றால் செத்ததாகக் கணக்கு. உண்மையில் செத்ததா, தாமதமா என்று நமக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது நாம் எடுக்கும் முடிவு. ஆனால் பட்டியலில் இல்லாத சர்வருக்கு அந்த முடிவுகூடக் கிடையாது. அது இருந்தாலும் போனாலும் மணி அடிக்காது.

விமானத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் பெயர் இருக்கிறது. தேடல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, கடலில் எத்தனை பேர் என்பதிலேயே அரசுக்கும் ஊர்களுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கை தெரியாத இடத்தில் எத்தனை கப்பல் அனுப்பினாலும், எப்போது நிறுத்துவது என்று எப்படிச் சொல்வது?

பட்டியல் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடுமா என்றால், இல்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தில் 29 பேர். எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் அதில் நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி இல்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தெரியவந்தன. ஏழு ஆண்டு செய்தியே இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்கிறது நம் சட்டம். அந்தக் கெடுவும் தாண்டித்தான் பதில் வந்தது. யாரையும் காப்பாற்ற முடியாத பதில். ஆனாலும் 29 வீடுகளுக்கு அது தேவைப்பட்டிருக்கும். தேடுவது உயிரை மீட்க மட்டுமல்ல. 'நீ இருந்தாய், நீ எங்கே என்று கேட்க எங்களுக்குக் கடமை இருக்கிறது' என்று சொல்வதற்கும்தான்.

அப்படியென்றால் எல்லாரையும் பட்டியலில் போடு, எல்லாப் படகிலும் கருவி வை என்று முடித்துவிடலாமா? எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எல்லை பக்கத்திலேயே இருக்கும் கடல் இது. நம்மைக் காக்க எழுதும் கணக்கே நம்மைப் பிடிக்கவும் பயன்படலாம் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் யார் எண்ணுகிறார்கள் என்பது முக்கியம். அரசு எண்ணுவதற்கு முன்னால் கூட ஏறுகிறவர்கள் எண்ணலாம், கரையில் இருப்பவர்கள் எண்ணலாம். டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அதைக் கேட்கும் தகுதி நமக்கு வருவது, நம் படகில் அஞ்சாவது ஆளின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கும்போதுதான்.

சித்தப்பா வந்த அன்று ராத்திரி அந்தப் பையனும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அப்பாயி அவன் தட்டில் இரண்டாம் முறை சோறு வைத்துவிட்டு, அப்புறம்தான் கேட்டாள்: "உன் பேரு என்னய்யா?"