கணினி சொல்லிவிட்டது

சுங்கை பஞ்சாங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்த பாட்டி சொல்வார்: "சம்பளம் குறைஞ்சா தண்டல் கிராணிய காட்டுவாரு, கிராணி கணக்குப் புத்தகத்த காட்டுவாரு." இன்று அந்தப் புத்தகத்தின் இடத்தில் செயற்கை நுண்ணறிவு.

2020 பிப்ரவரியில் கோத்தா கினபாலு நீதிமன்றம், போதைப்பொருள் வழக்கில் தண்டனை குறித்து அதன் பரிந்துரையைப் பெற்றது. தீர்ப்பு மாஜிஸ்திரேட்டுடையது, கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார். நிறுவனங்களில் யாரைக் கேட்பது?

அதே ஆண்டு ஜூன் 1இல் அமலுக்கு வந்த ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவில் ஒரு வழி தெரிகிறது. நிறுவனத்தின் ஆதாயத்துக்காக ஊழியர் லஞ்சம் கொடுத்தால், "எங்களுக்குத் தெரியாது" என்பது போதாது; தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திருந்ததை நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.

நிரல் எழுதிச் சம்பாதிப்பவன் நான். எந்திரத்தின் தவறுக்கும் இதே விதி வரட்டும். புத்தகம் பாட்டிக்குப் பதில் சொல்லாது, ஆள்தான் சொல்லணும்.