களைப்பு களங்கமா?

விடியற்காலை. திருப்பெரும்புதூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் விரைவதை நாம் காண்கிறோம். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இரவுமுறை முடித்து விடுதி திரும்பும் இளைஞர்கள், இளம்பெண்கள். கண்ணாடியில் சாய்ந்த தலைகள், பேச்சில்லை, சிரிப்பில்லை. காரும் கைப்பேசியும் செய்து உலகுக்கு அனுப்பும் கைகள், மடிமீது துவண்டு கிடக்கின்றன!

இருபது வயதில் ஏன் இந்தத் தளர்ச்சி? கிரகக் கோளாறு என்பார் சோதிடர். சோம்பல் என்பார் மேற்பார்வையாளர். இருவரும் தேடுவது பழியை, காரணத்தை அன்று.

பகுத்தறிவு காரணம் கேட்கும். உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. பகலொளி கண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. அதன் இயக்கத்தை உயிரணுவுக்குள்ளேயே கண்டு காட்டிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என வேலைமுறை மாறினால் அக்கடிகாரம் தடுமாறுகிறது. பகலுறக்கம் பாதியில் கலைகிறது. சிறு பிழைக்கும் சினம் பொங்குகிறது. படித்த வரி மனத்தில் நிற்பதில்லை. தேநீர் அதை மறைக்கும், தீர்க்காது. தீர்ப்பவை உறக்கமும், வேளைக்கு உணவும், ஓய்வுமே. ஓய்ந்தும் தீராத களைப்பெனில் மருத்துவரை நாடவேண்டும், இரத்தசோகையாகவும் இருக்கலாம். மந்திரித்த கயிறு இரத்தத்தில் இரும்பை ஏற்றாது!

ஆனால், ஓய்வுக்கு நேரம் யார் தருவது? அது தானாக வந்ததன்று. அம்பேத்கர் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், 1946-இல், வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைநாட்டியது. 2023 ஏப்ரல் 21-இல், 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறிற்று. கொணர்ந்தது நம் இயக்கத்தின் ஆட்சி! மறைப்பானேன்? தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பிழையை உணர்ந்தது பெருமை. உணர்த்தியது உழைப்பவர் குரல்.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. "ஓய்வறியா உழைப்பாளர்" என்று மேடைதோறும் புகழ்மாலை சூட்டுகிறோம். உறங்காத தோழரைத் தொண்டின் இலக்கணம் என்கிறோம். அதே அளவுகோலை ஆலை முதலாளி கையிலெடுத்தால் என்ன விடை சொல்வோம்? 94 வயதிலும் பெரியார் ஓயவில்லையே என்பர். உண்மை. மறைவதற்கு ஐந்து நாள் முன்பு, 1973 டிசம்பர் 19-இல், தியாகராய நகரில் முழங்கினார். ஆனால், அப்பயணத்தைத் தேர்ந்தவர் அவர். நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருந்தது. பேருந்தில் தலைசாய்ந்த பெண்ணுக்கு அவ்வுரிமை உண்டா? விரும்பி ஏற்பது தொண்டு. மறுக்க இயலாமல் சுமப்பது அடிமைத்தனம்.

ஆகவே தோழர்களே, களைப்பு களங்கமன்று. உடல் விடுக்கும் அறிக்கை. அதை மறைக்கவேண்டாம், படிப்போம். "களைத்திருக்கிறேன், ஓய்வு வேண்டும்" என்று தலைநிமிர்ந்து சொல்வதும் சுயமரியாதையே!