மறவாத் துணை

கணினிக்கு நிரல் எழுதுவோர்க்குத் துணைசெய்யும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இக்காலத்திலே பெருகியுள்ளன. இவை ஒருநாள் முழுதும் ஒருவரோடிருந்து, அவர்தம் வேலையின் நுட்பங்களையெல்லாம் கேட்டறிந்தும், மறுநாட் புதிய அமர்வு தொடங்கியதும் யாதொன்றும் அறியாதனபோல் நிற்பன. காரணம் யாதெனின், கருவியின் உள்ளீடாகிய எண்கள் பயிற்சி முடிந்தபோதே நிலைபெற்றுவிடுதலாம். உரையாடலிற் சொல்லப்படுவது அவற்றை மாற்றுவதில்லை. ஆதலின் இக்குறையை நீக்க நெடுங்கால நினைவு அளிக்கப்படுகின்றது. சாட்ஜிபிடி என்னும் கருவிக்கு 2024 ஆம் ஆண்டிலே அஃது அளிக்கப்பட்டது. 2025 இல் வெளிவந்த கிளாட் கோட் என்பது, வேலைக்குரிய கோப்புறையிலுள்ள ஒரு குறிப்பேட்டை ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் வாசிக்கின்றது.

இஃது உண்மையில் நினைவாகுமா? ஆசிரியர்களாகிய நீவிர் நன்கறிவீர்: குறிப்பேட்டைப் பார்த்து மாணவன் சொல்லும் விடை வேறு, பயின்று தன்னதாக்கிக்கொண்டவன் சொல்லும் விடை வேறு. கருவி செய்வது முன்னையதே. நேற்றைய பிழையால் அது திருந்துவதில்லை. பிழையைப்பற்றிய எழுத்தை மீள வாசிக்கின்றது. எனினும், ஒரே விளக்கத்தை நாடோறுஞ் சொல்லி அலுத்தவர்க்கு இப்பயன் சிறிதன்று. வகுப்பறையில் அவ்வலுப்பை நாமும் அறிவோமன்றோ!

நம்மை வருத்தும் வினா பிறிதொன்று. ஊதியக் கணக்கிற்குரிய நிரலை எழுதும் ஒருவர், வேலை நெருக்கடியில், 'இச்சோதனையை இப்போதைக்கு விட்டுவிடுக' என்று சொல்லக் கருவி அதனைக் குறித்துக்கொண்டது என்க. திங்கள் சில கழிகின்றன. 'இப்போதைக்கு' என்பதுமாத்திரம் கழியவில்லை. அதனால் ஓர் ஏழைத் தொழிலாளியின் ஊதியம் குறைந்து வருமாயின், குற்றம் யாருடையது? கருவியினுடையது என்பார் உளர். குறிப்பு எழுதப்பட்டமையே அவர் அறியார் என்று சாட்டுக் கூறுவாரும் உளர். அறியாமை ஈண்டு ஓரளவே சாட்டாகும் என்பது நம் கருத்து. தம்பொருட்டு எழுதப்பட்ட ஏட்டைத் திறந்து பாராதிருத்தலும் ஒரு செயலே. மறக்குந் துணைக்கு நாடோறும் புதிதாகச் சொல்லவேண்டியிருந்தது. அங்ஙனஞ் சொல்லும்போது நேற்றைய கருத்து இன்றும் பொருந்துமா என்று நாமும் எண்ணிப் பார்த்தோம். மறவாத் துணை அவ்வருத்தத்தோடு அவ்வெண்ணத்தையும் நீக்கிவிடுகின்றது.

அவ்வேட்டிற் பிறர் எழுதவுங் கூடும். தீய கட்டளைகள் மறைத்துவைக்கப்பட்ட வலைப்பக்கத்தைக் கருவி வாசிப்பின், அவை நினைவிற் புகுந்து பின்னை அமர்வுகளிலும் நின்று தொழிற்படும் என்பது 2024 இல் ஆராய்ச்சியிற் செய்துகாட்டப்பட்டது. கடவுச்சொற்களும் அங்ஙனமே தங்கிவிடலாம்.

ஆதலின், குறிப்பு ஒவ்வொன்றன் எதிரிலும் எழுதப்பட்ட நாளும், சொன்னவர் பெயரும், அது செல்லுங் காலவெல்லையும் இருத்தல் வேண்டும் என்போம். ஏடு எளிய எழுத்தாலாயது. எவரும் திறந்து வாசிக்கலாம், அழிக்கலாம். வாசிப்பார் எத்துணையர் என்பதே நம் ஐயம்.