நாழியும் தாழியும்

கொடுப்பவன், கொள்பவன், கொடுக்கப்படும் திரவியம் என்னும் மூன்றும் கூடினாலன்றித் தானம் நிறைவேறாது என்றும், நீர் வார்த்து 'இது என்னுடையதன்று' என்று மனமறிய விட்டாலன்றி அதன் பலன் சித்திக்காது என்றும் தர்ம சாஸ்திரம் வல்ல பெரியோர் கூறுவர். அப்படியானால், அரங்கு வீட்டு மூலையில் கிடந்த பாட்டியின் நாழியைப் பாளையங்கோட்டைப் பொருட்காட்சிசாலைக்கு ஒரு குடும்பத்தார் கொடுத்தால், அது தானமாகுமா? கொள்பவருக்கு அளக்க நெல்லும் இல்லை. அதை உண்ண வாயும் இல்லை.

இந்த ஐயம் உடையவர்கள் ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்த அலெக்சாண்டர் ரீயும் கண்ட முதுமக்கள் தாழிகளில், பொற்பட்டங்களும் வாள்களும் மாத்திரமல்ல, கிண்ணமும் கலயமும் மண்வெட்டியும் தானியத்தின் உமியும் இருந்தன. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல் ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. உண்ணமாட்டாதவனுக்கு நெல்லும், வெட்டமாட்டாதவனுக்கு மண்வெட்டியும் வைத்தவர்களை மறுமையில் நம்பிக்கை உடையவர்கள் என்று ஒரு சொல்லில் தீர்த்துவிடுவது எளிது; ஆயினும் கைம்மாறு செய்ய இயலாத ஒருவனுக்கு, அன்றாடம் தங்களுக்கே வேண்டியிருந்த பண்டத்தை விட்டுக்கொடுத்த அந்தச் செயலில் தானத்தின் லட்சணம் முழுமையாகவே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

ஆதிச்சநல்லூர்த் தாழிப் பொருள்களுள் ஒரு பகுதியைப் பெர்லினுக்கும் மற்றொரு பகுதியைச் சென்னை எழும்பூருக்கும் கொண்டுபோனவர்கள் செய்தது என்ன? கொடுத்ததைக் கவர்வதற்குத் தத்தாபகாரம் என்று பெயர். ஞானத்தின் பொருட்டுச் செய்தோம் என்பது சமாதானமேயன்றிச் சம்மதம் ஆகாது. 2023இல்தான் ஆதிச்சநல்லூரிலேயே, அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே இருக்கவிட்டுக் காட்டும் ஏற்பாடு வந்தது. தாமதமாயினும் நல்ல மரியாதை.

நாழியின் கதை வேறு. 1956ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்துக்குப் பின் கிலோவும் லிட்டரும் வந்து அதன் தொழிலைப் பறித்துக்கொண்டன. ஆனாலும் கல்யாண மனையில் குத்துவிளக்கின் பக்கத்தில் நெல் தலைதட்டி நிற்கும் நிறைநாழியாக அது இருந்தது. பிரேதத்தின் தலைமாட்டிலும் அதுவே இருந்தது. அளக்காமல் நிற்பதே அதன் கடமையாகிவிட்ட பிறகு, கண்ணாடிப் பேழைக்குள் நிற்பது அதற்குப் புதிய அவமானம் அன்று.

சங்கடம் கொடுப்பவரிடத்தில்தான். பேழையின்மேல் 'இன்னார் உபயம்' என்று சீட்டு ஒட்டிய மாத்திரத்தில், நீர் வார்த்து விட்ட பொருள் பின்வாசல் வழியே வீடு திரும்பிவிடுகிறது. பெயரே வேண்டாம் என்றாலோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருள் சரித்திரத்துக்கு உதவாது. யார் வீட்டில், எந்த ஊரில் புழங்கியது என்ற செய்தி போனால் நாழி வெறும் உலோகக் குழாய். ஆகவே கொடுத்தவர் பெயரைப் பொருட்காட்சிசாலையின் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைக்கட்டும். பேழைமேல் எந்த ஊர் நெல்லை அளந்தது, எந்தச் சடங்குகளில் நின்றது என்று மட்டும் எழுதட்டும்.