தாங்கும் கை எப்போது விலக வேண்டும்?

தம் காலில் நிற்பதை நாம் ஒரு பேறாக எண்ணுவதில்லை. நிற்க இயலாமற் போகும்போதுதான் அதன் அருமை புலப்படுகிறது. மூளைக்குச் செல்லும் குருதி தடைபட்டோ, குருதிக் குழாய் வெடித்தோ பக்கவாதம் தாக்கும்போது, பெரும்பாலும் உடலின் ஒரு பாதி சொல் கேளாததாகிறது. உட்கார்ந்தால் உடல் ஒருபுறம் சாய்கிறது. பொத்தான் மாட்டுவதும், சோற்றைப் பிசைந்து உண்பதும், கழிவறைக்குத் தனியே செல்வதும் பெரும் உழைப்பாகின்றன.

அத்தகையோரை இல்லத்தில் வைத்துப் பேணுவோர் நம்மில் பலர். எவ்வளவு உதவுவது அன்பு? எந்த இடத்தில் அது அன்பின் பெயரால் பிறர் உரிமையைப் பறிப்பதாகிறது? இக்கேள்வி அவர்கள்முன் நாள்தோறும் எழுகிறது.

பாதிப்புற்ற மூளை கற்கும் ஆற்றலை இழந்துவிடுவதில்லை என்கிறது மருத்துவம். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கையில், மூளையின் நலமான பகுதிகள் இழந்த பணியை ஓரளவு ஏற்கப் பழகுகின்றன. பயன்படுத்தாத கையோ மேலும் முடங்குகிறது. ஆகவே, சிலருக்கு நலமான கைக்கு உறை மாட்டித் தளர்ந்த கையை உழைக்கச் செய்யும் பயிற்சியும் உண்டு. சட்டை அணிகையில் தளர்ந்த கையை முதலில் நுழைப்பது, ஊன்றுகோலை நலமான கையில் பிடிப்பது, படியேற நலமான காலையும் இறங்கத் தளர்ந்த காலையும் முன்வைப்பது ஆகியவற்றைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். பொத்தானோடு பத்து நிமிடம் போராடுபவரைப் பார்த்திருப்பதைவிட, நாமே மாட்டிவிடுவது எளிது. அந்த எளிமை பெரும்பாலும் நம் அவசரத்திற்கே பயன்படுகிறது.

‘விழுந்துவிட்டால்?’ என்னும் அச்சம் பொய்யன்று. பக்கவாதத்திற்குப்பின் விழுவது பரவலாக நேர்வதே. தரையை ஈரமின்றி வைப்பதும், கழிவறையில் கைப்பிடி பொருத்துவதும், நடக்கையில் தளர்ந்த பக்கத்தில் அருகே நிற்பதும் நம் கடமை. ஆயினும் எந்நாளும் விழாதிருக்க வேண்டுமெனில் எழாமலே கிடக்க வேண்டும், அது வாழ்வாகாது. சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் சீமோன் தோள் கொடுக்கிறார். ஏழாம், ஒன்பதாம் நிலைகளில் ஆண்டவர் மீண்டும் விழுகிறார். அதனால் சீமோனின் துணை வீணென்று எவரும் கூறுவதில்லை.

உதவியை நாடுவதும் இழுக்கன்று. அறிவியலார் லூயி பாஸ்டர் 1868-இல், தம் 45-ஆம் வயதில், பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தார். முழுமையாக நலமடையாத நிலையிலும், உதவியாளர்களின் கைகளைத் துணைகொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். 1885-இல் வெறிநாய்க்கடிக்கு ஆளான சிறுவனுக்குத் தடுப்பூசி போடச் செய்தார். கைகள் பிறருடையவை, எண்ணமும் தீர்மானமும் அவருடையவை. தற்சார்பின் உள்ளீடு இதுவே எனலாம். எல்லாவற்றையும் தாமே செய்ய இயலாதவரும், தமக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதைத் தாமே சொல்ல இயலும். பேச்சு தடைப்பட்டவர் கண்ணாலோ கையசைவாலோ உணர்த்துவார்.

எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை எல்லாருக்கும் வெளிப்படை. அப்படியிருந்தும் இயேசு அவரது விருப்பத்தைக் கேட்டறிந்த பின்னரே நலமளித்தார். நாமோ கேளாமலே தூக்குகிறோம், ஊட்டுகிறோம், நோயாளர் அருகிலிருக்கையில் அவரைப் பற்றிப் பிறரோடு பேசி முடிவெடுக்கிறோம்.

இனி நம் இல்லத்து நோயாளர் எழ முயல்கையில், அருகே சென்று நிற்போம். பிடிக்கட்டுமா என்று கேட்போம். அவர் மறுமொழி தரும்வரை காத்திருப்போம்.