காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் அறிகருவிக்குப் புலப்படாதபோது அப்பொருள் இல்லை என்று முடிவு செய்யலாமா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்டுவந்த கேள்வி. தத்துவ நூல்களைத் தொட்டிராதவர்களும் இன்று அக்கேள்வியின் முன் நிற்க நேர்கிறது. சேலத்து ஸ்டுடியோக்களில் எடுத்த திருமணப் படங்களும், நாமக்கல் லாரி அலுவலகங்களின் வாடகைக் கணக்குகளும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிப் பட்டறைகளின் வரைபடங்களும், ஊர்க்கோயில்களில் நடந்த குடமுழுக்குகளின் பதிவுகளும் வெளியிலிருந்து கணினியோடு இணைக்கப்படும் ஹார்டு டிஸ்க்குகளில் வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைச் செருகியதும் திரையில் ஒன்றுமே தோன்றாவிட்டாலோ, இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தாலோ, உரியவர் உள்ளே இருந்தவையெல்லாம் போய்விட்டன என்று உடனே நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பது ஆராயத் தக்கது.

சரியான அறிவைத் தரும் வழியை நம் நூல்கள் அளவை என்கின்றன. காணாமையால் இன்மையை அறிவதும் ஓர் அளவையா என்பதில் மரபுகள் வேறுபட்டன. குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர் அதனை அனுபலப்தி என்ற பெயரில் தனி அளவையாகக் கொண்டனர். நியாய நூலார் அதற்குத் தனியிடம் தராமல் காட்சியோடு சேர்த்தனர். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இன்மையைக் குறிக்கும் அபாவம் உள்ளிட்ட பல அளவைகளையும் எண்ணிக் காட்டி, பின் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கியது. இப்பிணக்கைக் காட்டிலும் இங்கே முக்கியமானது, காணாமையைச் சான்றாக ஏற்றவர்கள் அதற்கு விதித்த நிபந்தனை. இருந்திருந்தால் தெரிந்தே தீரும் என்ற நிலையில் மட்டுமே தெரியாமை இன்மைக்குச் சான்றாகும் என்றார்கள்; யோக்கியானுபலப்தி, அதாவது தகுதியுடைய காணாமை, என்பது அதன் பெயர். விளக்கு எரியும் அறையின் வெறுந்தரையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை என்பது அறிவு; இருட்டறையில் தென்படாவிட்டால் குடத்தைப் பற்றி ஒன்றும் அறியப்படவில்லை. ஹார்டு டிஸ்க்கைக் காட்டாத கணினியின் முன் அமர்ந்திருப்பவர் முதலில் கேட்க வேண்டியது, தாம் எந்த அறையில் இருக்கிறார் என்பதே.

அந்த இருட்டின் வகைகளை ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை தன் 7ஆம் காரிகையில் எண்ணித் தந்திருக்கிறது. உள்ள பொருள் புலப்படாமைக்கு மிகு தொலைவு, மிகு அண்மை, பொறியின் பழுது, மனம் பொருந்தாமை, நுண்மை, இடையில் தடை, வலியதொன்றால் அமுக்கப்படுதல், ஒத்தவற்றோடு கலந்துபோதல் என எட்டுக் காரணங்களை அது கூறுகிறது. உலகின் மூலமான பிரகிருதி கண்ணுக்குத் தெரியாதது அதன் நுண்மையாலேயே, இன்மையால் அன்று. விளைவுகளைக் கொண்டு அது அறியப்படும் என்று அடுத்த காரிகை முடிக்கிறது. பழுது பார்ப்பவர் தொடங்க வேண்டிய இடமும் விளைவுகள்தாம். ஹார்டு டிஸ்க் பெட்டியின் விளக்கு எரிகிறதா, கையில் வைத்தால் உள்ளே தட்டு சுழலும் மெல்லிய அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தால், திரை மௌனமாக இருக்கும்போதே வட்டு உயிரோடு இருப்பதைக் கருதலளவையால், அதாவது விளைவிலிருந்து காரணத்தை உணரும் வழியால், அறிந்துகொள்ளலாம்.

அதிர்வே இல்லையென்றாலும் வட்டு செத்துவிட்டதென்று பொருளன்று. இரண்டரை அங்குல வட்டுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியிடமிருந்தே பெறுகின்றன. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், யுஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியரும் தருவதாக வரையறுக்கப்பட்டவை. சுழலத் தொடங்கும் கணத்தில் வட்டு வழக்கத்தைவிட அதிகம் கேட்கும். ஒரே ஹப்பில் பல கருவிகளைச் செருகியிருந்தால் வலியவை இழுத்துக்கொள்ள, வட்டுக்குப் போதாமல் போகிறது. மூன்றரை அங்குல வட்டுகளுக்கோ தனி அடாப்டர் இல்லாமல் இயக்கமே இல்லை. ஆகவே ஹப்பை விலக்கி, மேசைக் கணினியானால் அதன் பின்புறப் போர்ட்டில் நேராகச் செருகி, கேபிளை மாற்றி, வேறொரு கணினியிலும் பார்த்த பிறகே அந்தக் காணாமை தகுதி பெறத் தொடங்குகிறது. கேபிளுக்கும் வட்டுக்கும் நடுவே, வட்டின் மொழியை யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிறு மின்பலகை ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது; அது கெட்டுவிட்டால் நல்ல வட்டும் புலப்படாது, சாங்கியர் சொன்ன இடைத்தடை இதுவே. சில வகைகளில் அப்பலகையே தரவை மறையீடு செய்து வைப்பதால், வட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலும் படிக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எட்டாவது காரணமான ஒத்தவற்றோடு கலப்பு இன்னும் வியப்பானது. ஒரு வட்டை அப்படியே நகலெடுத்த மற்றொரு வட்டு அதே அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும். இரண்டையும் ஒருசேர இணைத்தால் விண்டோஸ் இரண்டாவதை ஒதுக்கி வைத்துவிடுகிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்டதும், டிரைவ் எழுத்து பெறாததும் வழக்கமான பட்டியலில் தோன்றாவிட்டாலும் விண்டோஸின் வட்டு மேலாண்மைப் பகுதியில் தெரியும்.

இதனினும் ஆழமானது, வட்டு தெரிந்தும் உள்ளடக்கம் தெரியாத நிலை. மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளோடு அளவைப் போலிகளையும் எட்டாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று கண்டு உணராமை, அதாவது பார்த்தும் இன்னதென்று அறியாமை. மேக் கணினியின் ஏபிஎஃப்எஸ் முறையிலோ லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையிலோ எழுதப்பட்ட வட்டை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை; கோப்புகள் ஒழுங்காக இருக்கும்போதே, ஃபார்மட் செய்யவா என்று கேட்கக்கூடும். கோப்புகளை அடுக்கிவைக்கும் இலக்கணம் இந்தக் கணினிக்குத் தெரியாது என்பதே அதன் முழுப்பொருள்.

தமிழ் வரலாற்றில் இதற்கு இணையான ஒரு நிகழ்வுக்குச் சேலத்துக்காரர் ஒருவரே காரணமானார். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், தம்மைக் காணவந்த உ. வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறார் என்று கேட்டு, அவர் அடுக்கிய அந்தாதிகளிலும் பிள்ளைத்தமிழ்களிலும் நிறைவு கொள்ளாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். பின் தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட சாமிநாதையரின் புலமைக்கும் அந்நூல் பிடிபடவில்லை. அதன் சமணக் கருத்துகளை அறிய அவர் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்க வேண்டியிருந்தது. நூலில் குறை ஏதும் இருக்கவில்லை, அதைத் திறக்கும் இலக்கணம் வேறு வீட்டில் இருந்தது. அந்தப் பிரதியை விளங்காத நூலென்று எவரேனும் ஒதுக்கி எறிந்திருந்தால் 1887இல் சாமிநாதையர் வெளியிட்ட பதிப்பே இருந்திராது.

ஃபார்மட் செய்யச் சம்மதிப்பது மணிமேகலை கூறும் மற்றொரு போலியான தேராது தெளிதல், அதாவது ஆராயாமல் துணிதல். விரைவு ஃபார்மட் வட்டு முழுவதையும் துடைப்பதில்லை. கோப்புகள் எங்குள்ளன எனக் காட்டும் பழைய அட்டவணையின் இடத்தில் புதிய அட்டவணையை எழுதுகிறது. கோப்புகள் அங்கேயே கிடந்தாலும், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்பட்டால் மீளா. மீட்டெடுக்கும் மென்பொருளைக் கூட அதே வட்டில் நிறுவக் கூடாது என்பது இதனால்தான்.

மறைக்கப்பட்டது அழிந்ததாகாது என்ற கருத்தைச் சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்கிறது. செம்பைக் களிம்பு மூடுவதுபோல ஆணவ மலம் உயிரின் அறிவை மூடுகிறதேயன்றி ஒழிப்பதில்லை என்பது அதன் கொள்கை. ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். சித்தாந்தத்தில் உயிர் என்றும் உள்ளது. காந்தப் பூச்சுடைய ஒரு தட்டு அப்படிப்பட்டதன்று, அது உண்மையிலேயே அழியும். தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதந்து படிக்கும் முனை பழுதானால் சீரான டக் டக் ஒலி கேட்கும். அப்போது மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது தட்டைச் சுரண்டுவதாகும். உடனே மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியைத் திறக்காமல், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்திடம் கொடுப்பதே தக்கது. ஒலி ஏதுமின்றிச் சில கோப்புகள் மட்டும் படிக்க மறுத்தாலும், செக்டிஸ்க் போன்ற திருத்தும் கருவிகளை ஓட்டுமுன் வட்டின் முழுப் பிரதியை வேறொரு வட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அக்கருவிகள் மூலத்தின் மேலேயே எழுதுகின்றன.

ஊரின் திருவிழாவையும் குடும்பங்களின் மணநாளையும் ஒரே பிரதியாக வைத்திருக்கும் கோயில் நிர்வாகத்தாரும் ஸ்டுடியோ நடத்துவோரும், வட்டு நன்றாக இயங்கும் இன்றே இரண்டாம் பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் வைக்க வேண்டும்.