நிதி முடிந்தபின் நிற்கும் கடன்

பல்கலைக்கழகங்கள் தம் மதிலுக்கு வெளியேயுள்ள மக்களுக்குக் கல்விப்பணி ஆற்றுதல் பெரிதும் போற்றப்படுகின்றது. ஆயின், அப்பணிகளுட் பல குறித்த காலத்து நிதியுதவியைச் சார்ந்தே தொடங்குகின்றன. அந்நிதி முடிவுறத் தாமும் முடிவுறுகின்றன. தொடக்க விழாவிற்கு அழைப்பிதழ் உண்டு. முடிவிற்கு அறிவித்தல்தானும் இல்லை. இவ்வாறு தொடங்கி இடைநடுவில் விடுதல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

இவ்வினாவின் கூர்மையை உணர்தற்கு அனலைதீவு போன்ற ஓர் ஊரை எண்ணிப்பார்த்தல் தகும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய சிறு தீவு அது. சோளகக் காற்று வலுக்குங் காலத்திற் கடற்பயணம் கடினமாகும். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து பல்கலைக்கழக மாணவர் வாரந்தோறும் செல்வதாக வைத்துக்கொண்டால், அத்திட்டத்தின் பெருஞ்செலவு பாடநூலுக்கன்று. பஸ்ஸுக்கும் படகுக்கும் உணவுக்குமே. நிதி நின்றதும் முதலில் நிற்பது பயணமே.

வெளியார் தீர்மானங்களுக்காகக் காத்திருத்தல் அத்தீவிற்குப் புதிதன்று. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றிற்குமான கலப்பு மின்சக்தித் திட்டம் 2021-இற் சீன நிறுவனமொன்றிற்கு வழங்கப்பட்டு, அவ்வாண்டிறுதியிலேயே இடைநிறுத்தப்பட்டது. 2022-இல் இந்தியா நன்கொடையளிக்க உடன்பட்டது; 2024 மார்ச்சிலேயே நிர்மாண ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மின்சாரம் சில ஆண்டுகள் பிந்தலாம். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைக்கு அச்சில ஆண்டுகள் திரும்பி வாரா.

ஒன்றும் செய்யாதிருத்தலினும் சிறிதேனும் செய்தல் நன்றன்றோ என்பர் சிலர். ஓராண்டு கற்ற கணிதம் ஓராண்டு கற்றதே. ஆசிரியர் போனதால் அவ்வறிவு அழிந்துவிடாது. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், அது முழு உண்மையன்று. கற்பிக்க வருவோர் பாடத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, எதிர்பார்ப்பையும் கொண்டுவருகின்றனர். அவர் வருவர் என்ற நம்பிக்கையிற் பெற்றோர் வேறு ஏற்பாடு செய்யாது விடுகின்றனர். பிள்ளை கடினமான பாடத்தைத் துணிந்து தெரிகின்றது. சொல்லாற் கொடுக்கப்படாவிடினும் வாக்குறுதி ஒன்று அங்கே பிறந்துவிடுகின்றது. நிதி முடிதல் குற்றமன்று. அது முடியும் என்பதை அறிந்தவர், அறியாதவருக்கு மறைத்தலே குற்றம்.

முடிவின்பின் எது எஞ்சும் என்பதற்கு யாழ்ப்பாண வரலாறே ஒரு சான்று தருகின்றது. அமெரிக்க மிஷனார் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி, மிஷனின் கொள்கை மாறியபோது 1855-இல் மூடப்பட்டது. மூடும் தீர்மானத்தில் ஊரார்க்குப் பங்கில்லை. ஆயினும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்றோரை அது முன்னரே உருவாக்கியிருந்தது. உயர்கல்வியின் பயனைக் கண்டிருந்த பழைய மாணவரும் ஊரவரும் அதனை மீட்க முயன்றனர். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. கட்டிடத்தை மூடலாம், அதன் தேவையை அறிந்துகொண்ட மக்களை மூடவியலாது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் இடைப்பட்ட பதினேழாண்டுகளிற் கற்க வாய்ப்பிழந்தோர் எத்துணையர் என்ற வினாவும் உடன் எழுகின்றது. பின்வந்த வெற்றி முன்னிகழ்ந்த இழப்பை நேராக்கிவிடாது.

மற்றொரு சான்று சர்வோதய சிரமதான இயக்கம். 1958-இற் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்தின, மாணவரையும் ஆசிரியரையும் கனத்தொளுவ என்னும் பின்தங்கிய கிராமத்திற்கு அழைத்துச் சென்றதே அதன் தொடக்கம். காலப்போக்கில் அது வெளிநாட்டு உதவியைப் பெரிதும் சார்ந்து வளர்ந்தது. தொண்ணூறுகளில் அவ்வுதவி குறைந்தபோது சுருங்கவும் நேர்ந்தது. ஆயின் முற்றாக மறையவில்லை. கிராமந்தோறும் ஊரவரே நடத்தும் சங்கங்களும் சேமிப்புக்கடன் அமைப்புகளும் வேரூன்றியிருந்தமை அதற்கொரு காரணமாகும். ஊரவரிடம் உரிமையாக இருந்தது நின்றது. தலைமையகத்தின் செலவில் இருந்தது சுருங்கியது.

எனவே, எல்லாவற்றையும் ஊரவரிடமே ஒப்படைத்துவிடல் போதுமெனத் தோன்றலாம். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தன்னிறைவு என்னுஞ் சொல் அழகியது. ஆனால், பொறுப்பிலிருந்து நழுவ விரும்புவோர்க்கும் அது வசதியானது. அன்றாட உழைப்பால் வாழும் தீவு மக்களிடம், நகரத்துப் பிள்ளைக்கு அரசு இலவசமாக அளிப்பதை உங்கள் பிள்ளைக்கு நீங்களே தேடிக்கொள்ளுங்கள் எனக் கூறுதல் நீதியாகாது. புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தை எதிர்பார்த்தலும் ஒரு நன்கொடையாளரை விட்டு இன்னொருவரைச் சார்தலேயாம்.

ஆதலின் பொறுப்பைப் பகுத்தலே முறை. வகுப்பறையைப் பேணல், வருவோர்க்கு உணவும் தங்குமிடமும் அளித்தல், கற்று முன்னேறிய மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல் ஆகியன ஊர் ஏற்கத்தக்கவை. பாடத்திற்குத் தகுதிவாய்ந்த ஆசிரியரை நியமித்தல் அரசின் கடன். மாணவ தொண்டர் அவ்வெற்றிடத்தை மூடி மறைக்கும் திரையாதல் கூடாது. பல்கலைக்கழகத்தின் கடன் தொடர்ச்சி. மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறுவர்; நிறுவனம் வெளியேறுவதில்லை. இந்தியாவில் 1969-இல் முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் நாட்டுநலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டபோது, தொண்டு கல்வியின் ஓர் அங்கமாக நிறுவனத்திற்குள்ளேயே இடம்பெற்றது. அதிற் குறைகள் இருக்கலாம். எனினும் ஒரு தொகுதியினர் போக, மறு தொகுதியினர் வருதல் அங்கே விதியாயிற்று. பஸ்ஸுக்கும் படகுக்குமான சிறுதொகை பல்கலைக்கழகத்தின் ஆண்டுச் செலவில் இடம்பெறின், நன்கொடையின் முடிவு பணியின் முடிவாகாது.

திருவள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தமை ஈண்டு சிந்திக்கத்தக்கது. ஒப்புரவிற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வருவதன்று. ஊர் நடுவே இருப்பது. அதனைத் தூர்வாருங் கடன் ஊருக்கு உண்டு. நீர் வருங் கால்வாயை அடையாதிருக்குங் கடன் மேலுள்ளோர்க்கு உண்டு. கல்விப்பணியும் அத்தகையதாதல் வேண்டும். அதனைத் தொடங்குவோர் எத்தனை பேருக்குக் கற்பிப்பர் என்பதோடு, தாம் வாராத நாளில் அவ்வகுப்பை யார் திறப்பர் என்பதையும் முதல் நாளிலேயே ஊரவரோடு இருந்து பேசித் தீர்மானித்தல் கடன். அவ்வினாவிற்கு விடையில்லாத திட்டம், எத்துணை நிதியுடையதாயினும், ஈகையாக இருக்கலாம், ஒப்புரவாகாது.